முதல் ஊசிக்கு முந்தைய வாரம்: புராஸ்டேட் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுநீரகவியல், புற்றுநோயியல் துறை மருத்துவர்களுக்கு வணக்கம்.

"ஒரு ஊசிதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து போட்டுக்கொண்டு போங்கள்." புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை நிறையப் பேருக்கு இந்தப் பேச்சோடு தொடங்கிவிடுகிறது. மருந்துச் சீட்டில் பெயர், அளவு, கையெழுத்து இருக்கும். அந்த ஊசி மூன்று நான்கு வாரங்களில் தம் உடம்பின் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் பத்தில் ஒன்பது பங்கை வற்றவைத்துவிடும் என்பது சீட்டை நீட்டுகிறவருக்குத் தெரிந்திருக்காது. அறுவைக்கு ஒப்புதல் படிவம் உண்டு, கீமோவுக்கு உண்டு. விரைகளை மருந்தாலேயே செயலிழக்க வைக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பல இடங்களில் ஒரு தாள்கூடக் கிடையாது.

நாங்கள் இந்த மருந்துகளைக் கலந்து கொடுக்கும் மருந்தாளுநர்கள், போட்டுவிடும் செவிலியர்கள். கேட்பது ஒன்றுதான். ஹார்மோன் சிகிச்சை என்று முடிவானதற்கும் முதல் ஊசிக்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள். அது வெறுமனே காத்திருக்கும் வாரமாக இல்லாமல், வேலை நடக்கும் வாரமாக இருக்கட்டும். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏழு நாளில் நோய் முற்றிவிடுவதில்லை.

விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாக முதுகுவலி, கால் தளர்ச்சி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதுகுத்தண்டு முழுவதற்கும் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். ஹார்மோனைக் குறைப்பதும் அன்றைக்கே தொடங்க வேண்டும். ஆனால் லியூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டோரெலின் போன்ற தூண்டி வகை ஊசியை அங்கே எழுதக் கூடாது. இந்த வகை மருந்து, மூளைக்கடியில் இருந்து விரைகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியை விடாமல் தட்டித் தட்டியே களைத்துப்போக வைக்கிறது. களைப்பதற்கு முன் அந்தச் சுரப்பி ஒருமுறை முழுமூச்சாகச் சுரக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், பிறகுதான் இறங்கும். எலும்பில் இருக்கும் கட்டி அந்த ஏற்றத்தில் வீங்கித் தண்டுவடத்தை நெருக்கினால், பிறகு டெஸ்டோஸ்டிரோன் இறங்கி என்ன பயன்? இப்படிப்பட்ட நோயாளிக்கு டெகரெலிக்ஸ் போன்ற தடுப்பு வகை மருந்தோ விரைநீக்க அறுவையோதான் பொருத்தம். டெகரெலிக்ஸ் பெரும்பாலோருக்கு மூன்று நாளில் டெஸ்டோஸ்டிரோனைத் தேவையான அளவுக்கு இறக்கிவிடும். அறுவைக்குச் சில மணி நேரம் போதும்.

விரைநீக்க அறுவையைப் பற்றிப் பேசவே இப்போது பலர் கூசுகிறீர்கள். ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் 1941இல் இந்த நோய் ஆண் ஹார்மோனை நம்பி வாழ்கிறது என்று காட்டியது அந்த அறுவையை வைத்துத்தான். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகவே. வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவைப்படுகிறவருக்கு, ஊசிக்காக ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம் வரமுடியாதவருக்கு, அது இன்றைக்கும் நேர்மையான ஒரு வழி. திரும்பப்பெற முடியாத வழி என்பதால், சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட வேண்டும். சொல்லாமலே மறைத்துவிடுவது சரியில்லை.

இனி அந்த வாரத்துக்குள் நடக்க வேண்டியவை.

முதல் கேள்வி, இந்த ஊசி இவருக்குத் தேவையா என்பதே. நோய் புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கி, அபாயம் குறைவாக இருக்கும் முதியவருக்கு அறுவையும் வேண்டாம், கதிரியக்கமும் வேண்டாம் என்று முடிவானபின், 'சும்மா விடுவதற்குப் பதில் ஒரு ஊசியாவது போடுவோம்' என்று எழுதப்படும் சீட்டுகள் இன்னும் வருகின்றன. அந்த நிலையில் ஹார்மோன் சிகிச்சை மட்டும் கொடுப்பதால் ஆயுள் கூடுவதாக நிறுவப்படவில்லை. எலும்புத் தேய்மானம், தசை இழப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அபாயம் மட்டும் கூடும். கண்காணித்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சை முறைதான். அதைச் சொல்லக் கூடுதலாகப் பத்து நிமிடம் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஸ்கேன். ஊசி போட்டபின், புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேலிருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடி எடுக்கும் பெட் ஸ்கேனை நம்பி நோயின் பரவலைக் கணக்கிடுவது கடினம். ஹார்மோன் சிகிச்சை அந்தப் புரதத்தின் வெளிப்பாட்டையே மாற்றிவிடுகிறது. எலும்பு ஸ்கேன், சி.டி. எதுவானாலும் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பயாப்ஸியும் அப்படியே. ஊசி போட்டுச் சில மாதம் கழித்து எடுத்த திசுவில், நோயின் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் போடுவது நோயியல் மருத்துவருக்குப் பெரும்பாடு. இந்த அடிப்படைப் படம் இல்லாவிட்டால் அடுத்த முடிவு எல்லாமே தள்ளாடும். டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பது பற்றிய 2015 சார்ட்டட் ஆய்வு, அதிகப் பரவல் எது என்பதை இப்படி வரையறுத்தது: உள்ளுறுப்புகளில் நோய், அல்லது எலும்பில் நான்கு இடங்களுக்குக் குறையாமல், அவற்றில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வெளியே. அதிகப் பரவலா குறைந்த பரவலா என்பதைப் பொறுத்துக் கீமோ சேர்ப்பதா, புராஸ்டேட்டுக்கே கதிரியக்கம் கொடுப்பதா என்பது மாறும். ஊசியால் பாதி மங்கிப்போன படத்தில் இடங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

பரவிய நோய்க்கு ஊசி மட்டும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் சீட்டைப் பார்த்தால் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஆண் ஹார்மோனின் வேலையை மேலும் அடைக்கும் மாத்திரைகளான அபிராடெரோன், என்சலுடமைடு, அபலுடமைடு, டாரோலுடமைடு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பதே தாங்கக்கூடிய உடல்நிலை உள்ளவருக்கு இன்றைய வழக்கம். சேர்க்கப் போவதில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மூன்றாவது, ரத்தம். புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையை எல்லோரும் எழுதுகிறீர்கள். டெஸ்டோஸ்டிரோனை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. காலையில் எடுத்த ஒரு அடிப்படை அளவு இல்லாமல், பிறகு எவ்வளவு இறங்கியது, நிறுத்தியபின் எவ்வளவு திரும்பியது என்று எதை வைத்துச் சொல்வது? கூடவே ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், விட்டமின் டி, ரத்த அழுத்தம், ஒரு இ.சி.ஜி. டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்போது இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம், நீளும். ஏற்கெனவே அதை நீட்டும் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் இது விளையாட்டல்ல. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா என்றும் கேளுங்கள். அவை பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

நான்காவது, ஏற்றத்துக்கான தடுப்பு மாத்திரை. தூண்டி வகை ஊசி எழுதினால், ஏறும் டெஸ்டோஸ்டிரோன் கட்டியில் வேலை செய்யாமல் தடுக்கும் பைகலுடமைடு 50 மில்லிகிராமை ஊசிக்குச் சில நாள் முன்பே தொடங்கி, ஊசிக்குப்பின் மூன்று நான்கு வாரம் வரை கொடுப்பது வழக்கம். இதில் மூன்று வகைப் பிழைகள் வருகின்றன. மாத்திரையே எழுதப்படாமல் போவது ஒன்று. ஊசி போட்டு அனுப்பிய பிறகு, மறுநாள் நினைவு வந்து எழுதுவது இன்னொன்று. அதிகம் நடப்பது மூன்றாவது: நிறுத்தும் தேதி எழுதாததால், நோயாளி அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில், சிலபோது வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. மார்பு வீங்கி வலிக்கிறது என்று வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். பைகலுடமைடு கல்லீரலையும் தொடும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வீரியத்தையும் கூட்டும். 'இந்தத் தேதியோடு நிறுத்தவும்' என்று சீட்டில் எழுத ஒரு வரிக்கு இடமில்லையா?

ஊசியைப் பற்றி எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பிய மருந்து முகமை 2020இல், உடம்பில் தங்கி மெதுவாகக் கசியும் லியூப்ரோலைடு டிப்போ மருந்தைத் தயாரிப்பதில் நேரும் பிழைகளால் நோயாளிக்குப் போதிய மருந்து சேராமல் போகலாம் என்று எச்சரித்துத் திருத்தங்கள் கேட்டது. காரணம் எளிது. ஒரே பெயரில் வெவ்வேறு தயாரிப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கலக்கும் முறை வேறு. ஜெல் வகையில் இரண்டு சிரிஞ்சுகளை ஒன்றோடொன்று இணைத்து, குளிர் விட்டபின், மருந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் 60 தடவை தள்ளிக் கலக்க வேண்டும். கலந்து 30 நிமிடத்துக்குள் தோலுக்கடியில் போட்டுவிட வேண்டும். நுண்துகள் வகை தசைக்குள் போடுவது; கலந்த கையோடு போடாவிட்டால் துகள் அடியில் படிந்து ஊசி அடைக்கும். கோசரலின் கலக்கவே வேண்டாத திடத் துணுக்கு. அதன் ஊசி தடித்தது: 3.6 மில்லிகிராமுக்கு 16 கேஜ், 10.8க்கு 14 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும்). தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலுக்கடியில் தட்டையாகப் போட வேண்டியதை ஆழமாகக் குத்தினால், வயிற்றுச் சுவரின் ரத்தக்குழாயில் பட்டு உள்ளே கசியலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரும், மிக மெலிந்தவரும் இதில் தனிக் கவனத்துக்குரியவர்கள். அந்த விவரத்தைச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள். படுக்கையில் படுத்தபின் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம்.

டெகரெலிக்ஸ் முதல் தடவை 240 மில்லிகிராம். 120 வீதம் இரண்டு ஊசி, வயிற்றில் இரண்டு இடத்தில். பிறகு 28 நாளுக்கு ஒருமுறை 80. குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். மெதுவாகச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும், அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். முதல் ஊசி போட்ட இடம் சிவந்து, தடித்து, வலிப்பது சாதாரணம். சிலருக்குக் காய்ச்சலும் வரும். இடுப்புப்பட்டை அழுத்தும் இடத்தையும் விலா எலும்புக்கு அருகேயும் தவிர்த்துப் போட்டால் தொந்தரவு குறையும்.

தடுப்பு வகையைச் சேர்ந்த ரெலுகோலிக்ஸ் மாத்திரை 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் நாள் 360 மில்லிகிராம், பிறகு தினமும் 120. ஊசி பயம் உள்ளவருக்கு வசதிதான். ஆனால் நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைவிடச் சீக்கிரம் திரும்பிவிடும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 360இல் இருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளையே மறந்துவிடுகிறவருக்கு இது சரிவராது. அவருக்கு ஊசிதான் பாதுகாப்பு.

இதய நோய் உள்ளவருக்கு எது நல்லது என்று எங்களிடமும் கேட்கிறார்கள். ஹீரோ ஆய்வில் பெரிய இதயச் சம்பவங்கள் ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 2.9 விழுக்காடு, லியூப்ரோலைடு எடுத்தவர்களில் 6.2 விழுக்காடு. ஆனால் இதயக் கேள்வியையே முதன்மையாக வைத்து டெகரெலிக்ஸையும் லியூப்ரோலைடையும் ஒப்பிட்ட ப்ரொனவுன்ஸ் ஆய்வு 2021இல் பாதியிலேயே முடிந்தது, வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆகவே மருந்தை மாற்றிவிட்டோம், இனி இதயத்தைப் பற்றிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கும் மருத்துவருக்கு, இவருக்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்குகிறது என்று ஒரு கடிதம் போகட்டும்.

எலும்பு. முதல் வருடத்தில்தான் இழப்பு வேகமாக இருக்கும். ஐந்தாண்டுக்கு மேல் உயிரோடிருந்தவர்களை அமெரிக்காவில் கணக்கெடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிந்திருந்தது. தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டால் யாருக்கு எலும்பு மருந்து தேவை என்று தெரிந்துவிடும். இங்கே அடிக்கடி குழம்புவது டெனோசுமாப் என்ற எலும்பு ஊசி. எலும்புத் தேய்மானத்துக்கு 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எலும்பில் பரவி, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன நோய்க்கு 120 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. முதல் தேவைக்கு இரண்டாவது அளவை எழுதிய சீட்டு வந்தால் நாங்கள் திருப்பி அனுப்புவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மருந்தைத் தொடங்கும் முன் பல் மருத்துவர் பார்த்துப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. விட்டமின் டி குறைவை முதலில் சரிசெய்யாவிட்டால் கால்சியம் அதலபாதாளத்துக்கு இறங்கும். 60 மில்லிகிராமைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் வரலாம் என்பதையும் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது, அவருடைய வாழ்க்கை எப்படி மாறப் போகிறது என்பதுதான். காம விருப்பம் பெரும்பாலோருக்கு அடியோடு போய்விடும். விறைப்பு குறையும், விரைகளும் குறியும் சுருங்கும். சில்டனாஃபில் விறைப்புக்குக் கொஞ்சம் உதவலாம். விருப்பத்தைத் திருப்பித் தராது. இதை வாழ்க்கைத்துணையையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள். சொல்லாவிட்டால், விலகிப்போகிறவர் ஏன் விலகுகிறார் என்று அந்த வீட்டில் இருவருக்குமே புரியாது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உள்ள இளையவரிடம் விந்தணுச் சேமிப்பு பற்றி முதல் ஊசிக்கு முன் பேசியாக வேண்டும். பிறகு பேசிப் பயனில்லை.

உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்துக் கொட்டுவது பெரும்பாலோருக்கு வரும். வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், தூக்கம் கெட்டு எரிச்சலோடு வருவார்கள். நீங்களாகக் கேட்டால்தான் பதில் வரும். தாங்க முடியாதவருக்கு மருந்து உண்டு: மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் தினமும் 20 மில்லிகிராம், வென்லாஃபாக்ஸின் 75 மில்லிகிராம் ஆகிய இரண்டும் நேரடியாகச் சோதிக்கப்பட்டவை, முதலாவது கூடுதலாக வேலை செய்தது. காரணமில்லாமல் அழுகை வருவது, மனச்சோர்வு, மறதி, எப்போதும் ஒரு அசதி இவையும் மருந்தின் வேலையே. தம் மன உறுதி குறைந்துவிட்டதாக நினைத்து அவர்கள் உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

அசதிக்கு நல்ல மருந்து உடற்பயிற்சி என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், ஆனால் உண்மை. நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி வேண்டும். கரைவது தசை என்பதால் தசைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். 'நல்லா ஓய்வெடுங்க' என்று சொல்லி அனுப்புவது இங்கே தவறான அறிவுரை. எலும்பில் நோய் இருக்கும் இடங்களைப் பிசியோதெரபிஸ்டுக்கு எழுதிக் கொடுத்தால், எதைச் செய்யக் கூடாது என்று அவர் வகுத்துத் தருவார்.

மாத்திரை சேர்த்தால் அதற்கான பாடமும் தனி. அபிராடெரோன் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. உணவோடு போட்டால் உடம்பில் ஏறும் அளவு பத்து மடங்கு வரைகூடப் போகலாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு இல்லாமல் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கொரு முறை கல்லீரல் பரிசோதனை. டாரோலுடமைடு இதற்கு நேரெதிர், உணவோடுதான். என்சலுடமைடு, அபலுடமைடு இரண்டும் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் உட்படப் பலவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். வலிப்பு வந்தவரா என்று கேட்காமல் இவற்றை எழுதக் கூடாது. நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், ஆண்மை பெருகும் என்று விற்கும் பொடிகள் உட்பட, எங்களுக்கு அனுப்புங்கள். ஒருபக்கம் டெஸ்டோஸ்டிரோனை இறக்கிக்கொண்டே, மறுபக்கம் அதை ஏற்றுவதாகச் சொல்லும் பொடியைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

பின்தொடர்தலில் ஒரே ஒரு வேண்டுகோள். மூன்றாம் மாதம் பி.எஸ்.ஏ.வோடு டெஸ்டோஸ்டிரோனையும் பாருங்கள். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுத்த ரத்தமாக அது இருக்கட்டும். ஊசியின் வீரியம் கடைசி நாள்களில் தேய்கிறதா என்று அப்போதுதான் தெரியும். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே என்பது பழைய எல்லை. அறுவை செய்தவர்களுக்கு 20க்கும் கீழேதான் இருக்கும். பி.எஸ்.ஏ. ஏறும்போது மருந்து கைவிட்டுவிட்டது, நோய் மாறிவிட்டது என்று முடிவெடுப்பதற்கு முன், டெஸ்டோஸ்டிரோன் உண்மையில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறாகக் கலந்த ஊசி, தேதி தள்ளிப்போன ஊசி, வரவே வராத ஊசி இவையெல்லாம் பி.எஸ்.ஏ.வை ஏற்றும். மூன்று மாத ஊசிக்கு நான்காம் மாதம் வருகிறவரைத் திட்டுவதைவிட, தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டு நினைவூட்டுவது பலன் தரும். அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கதிரியக்கத்தோடு கொடுக்கும்போது காலம் நோயைப் பொறுத்தது: நடுத்தர அபாயத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம், அதிக அபாயத்துக்கு ஒன்றரை முதல் மூன்று வருடம். அந்தக் காலம் முடியும் மாதத்தை முதல் சீட்டிலேயே எழுதுங்கள். எழுதாததால், ஆறு மாதம் போதுமானவர் இரண்டாம் வருடத்திலும் ஊசிக்கு வந்து நிற்கிறார். போடுகிற எங்களுக்கும் காரணம் தெரிவதில்லை. நிறுத்தியவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் சொல்லிவிடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் திரும்பப் பல மாதம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வயதானவர்களுக்கு, நீண்ட காலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு, முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இத்தனையையும் ஒரே உட்காரலில் சொன்னால் நோயாளி எதையும் கேட்டுக்கொள்ள மாட்டார். புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு காது அடைத்துப்போவது இயல்பு. அதனால்தான் ஒரு வாரம். முதல் நாள் நீங்கள் பேசுங்கள். நடுவில் ஒருநாள் செவிலியர் தொலைபேசியில் பேசி, தடுப்பு மாத்திரை தொடங்கியதா என்று கேட்பார். ஏழாம் நாள் சீட்டோடு கூட ஓர் அட்டையும் வரட்டும்: மருந்தின் முழுப்பெயரும் வகையும், அடுத்த ஊசி நாள், தடுப்பு மாத்திரை நிறுத்தும் நாள், சிகிச்சை முடியும் மாதம், முதல் பி.எஸ்.ஏ., முதல் டெஸ்டோஸ்டிரோன், கால் தளர்ந்தாலோ சிறுநீர் நின்றாலோ இரவிலும் கூப்பிட ஒரு எண். அட்டையை நாங்களே அச்சிட்டு வைக்கிறோம், நீங்கள் நிரப்பினால் போதும். நிரப்பாத அட்டையோடு வருகிறவரை, அவசரம் இல்லாத பட்சத்தில், ஊசி போடாமல் உங்கள் அறைக்கே திருப்பி அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஊசி அறையிலும் மருந்துக் கூடத்திலும் வேலை செய்பவர்கள்